வாத்துக்குஞ்சுக்கு அழுத கங்காணி

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஐம்பதுகளில், இலங்கையின் திம்புள்ளத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து வரக் காலையில் எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் கெஞ்சினேன்.

"கொழுந்து நிறுக்குற வரைக்கும் மலைய விட்டு எறங்கப்படாது!" என்று விரட்டினார்.

அன்று மாலை, தினமும் வேலைக்குப் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில் திரை கட்டி, வரைந்த பொம்மைகள் ஓடியாடும் படம் காட்டினார்கள். தாயைத் தொலைத்த வாத்துக்குஞ்சு மழையில் கத்தியது. எல்லோரும் விசும்பினோம். முன்னால் நாற்காலியில் இருந்த அதே கங்காணி, துண்டால் கண்ணைத் துடைத்தபடி, "பாவம், பசிக்குமே அதுக்கு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடியிலிருந்த பிள்ளையோடு எழுந்து முன்னால் போய், அதை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"இதுக்கும் காலையில பசிச்சுச்சுங்க, அய்யா!"

"சும்மா இரு புள்ள, படத்தப் பாக்க விடு."

வரைந்த குஞ்சுக்கு யார் வேண்டுமானாலும் அழலாம். அதன் தாய்க்கு யாரும் லீவு கொடுக்க வேண்டியதில்லையே.