முப்பத்துநான்கு வயது முழங்கால்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் கூடத்தில் மூன்று செல்பேசிகள் ஒன்றாக அதிர்ந்தன. அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்து அணி, தன்னிடமிருந்த மூன்று இளம் ஆட்டக்காரர்களைக் கொடுத்துவிட்டு, முப்பத்துநான்கு வயதான ஓர் ஏழடி மனிதரை வாங்கியிருந்தது. என் கணவர் சோபாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார். வாங்கியது அவர்கள் ஆதரிக்கும் அணி. அவரும் அவருடைய தம்பியும் நண்பரும் அந்தப் பேரத்தை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தபோதே கேட் கதவு தட்டப்பட்டது. என் மகளோடு விளையாடும் பெண் மூச்சு வாங்க நின்றாள். தெருக்கோடிப் பூங்காவில் பந்தைத் துரத்திக்கொண்டு போன என் மகள், கூடை மாட்டியிருக்கும் இரும்புக் கம்பத்தில் காலை இடித்துக்கொண்டாளாம். எழுந்து நடக்க முடியவில்லையாம்.

அவளுக்குப் பதினாறு வயது. அன்று இரவு அவளுடைய வலது காலின் முன்பக்கத் தசையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். இப்போது நடக்கும்போது பாதத்தின் நுனி தரையில் உரசுகிறது. ஷூவுக்குள் பிளாஸ்டிக் தாங்கி வைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் என்ன ஆயிற்று என்று தெரிந்தால்தான் அன்று எங்கள் வீட்டில் பேசியதெல்லாம் எப்படிப்பட்ட பேச்சு என்று புரியும்.

நாங்கள் சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்புறத் தெருவில் இருக்கிறோம். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கணவர் மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். மாடியில் அவருடைய தம்பி, என் மைத்துனர். கோவிலம்பாக்கத்திலிருந்து காரில் வரும் நண்பர் கணவரோடு பொறியியல் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவின் ராத்திரி நமக்குக் காலை என்பதால், சீசன் நடக்கும் மாதங்களில் ஞாயிறுதோறும் விடிந்ததும் எங்கள் வீட்டில் டி.வி. ஓடும். ஆட்டம் பார்ப்பது குறைவு, வாதம்தான் அதிகம். யாரை விற்கலாம், யாருடைய ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, அடுத்த ஆண்டு யார் தேறுவார்கள் என்று, தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டவர்கள்போலப் பேசுவார்கள். என் மகளுக்கு அந்த சோபாவில் ஓர் இடம் கிடைத்திருந்தது. சமைத்துக்கொடுக்கிற எனக்குக் கிடைக்காத இடம். அதை அவள் சும்மா வாங்கவில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரரின் சம்பளமும் அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிராளி லேசாகத் தொட்டதுமே பலமாக அடிபட்டதுபோல விழுந்து நடிப்பதற்கு இந்த ஆட்டத்தில் ஃப்ளாப் என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தச் சொல் என்னைக் குறிப்பதற்கு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மகளுக்கு நெஞ்சு வலி என்று நான் பதறி ஆட்டோ பிடித்து ஓடினேன். வாயுத்தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து நான் எதற்காவது குரலை உயர்த்தினால் என் மைத்துனர் நடுவர்போல ஒரு கையைத் தூக்கி, வாயால் விசில் அடித்து, "ஃப்ளாப், அண்ணி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மகளும் சிரிப்பாள். எனக்கும் சில சமயம் சிரிப்பு வந்திருக்கிறது.

அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து டி.வி.க்குப் பக்கத்திலிருந்த திவானில் படுக்கவைத்தோம். முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. மைத்துனர் ஒரு பார்வை பார்த்தார். "போன் ப்ரூஸ். எலும்புல அடி, அவ்வளவுதான். பத்து நாள்" என்றார். மாடியிலிருந்து கிரேப் பேண்டேஜ் கொண்டுவந்து, அணிகளின் உதவியாளர்கள் கட்டுவதைப் பார்த்துப் பழகிய விதத்தில், இழுத்து இழுத்துக் கட்டினார். ஐஸ் வைத்தார். காலை உயர்த்தி வைக்க வேண்டும் என்று மூன்று தலையணைகளை அடுக்கினார். மிகவும் திருத்தமாகச் செய்தார். பிறகு குடும்ப வாட்ஸாப் குழுவில், அணிகள் ஆட்டத்துக்கு முன் வெளியிடும் காய அறிக்கையின் பாணியில், 'வலது கால், ஆடுவது சந்தேகம்' என்று அவள் படத்தோடு போட்டார். பெங்களூரிலிருந்து நாத்தனார் சிரிக்கும் முகங்களை அனுப்பினார்.

பிறகு அந்த ஏழடி மனிதரின் முழங்காலுக்கு வந்தார்கள்.

இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்த முழங்கால் அது. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் பாக்கி, அதுவும் கொடுக்கக்கூடிய உச்சபட்சச் சம்பளத்தில். மைத்துனரின் கட்சி, கோப்பை ஜெயிப்பதென்றால் இந்த வருடமே ஜெயிக்க வேண்டும், நாளையைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்பது. நண்பரின் கட்சி, மூன்று பையன்களோடு எதிர்காலத்தையே அடகு வைத்துவிட்டார்கள் என்பது. என் கணவர் இருபுறமும் பேசினார். அந்த மனிதர் போன மாதம் ஆடிய ஓர் ஆட்டத்தை டி.வி.யில் போட்டு, அவர் குதித்து இறங்கும் இடத்தில் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார், மறுபடி நிறுத்தினார். முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று மூவரும் திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார்கள். குருத்தெலும்பு எவ்வளவு மீந்திருக்கும் என்று நண்பர் விரல்களைக் குவித்துக் காட்டினார். அவர்கள் முழங்கை இடித்துக்கொள்ளும் தூரத்தில்தான் என் மகளின் கால் தலையணைமேல் இருந்தது.

முதலில் அவளும் பேசினாள். இரண்டாவது வருடச் சம்பளம்தான் அணியைக் கவிழ்க்கப்போகிறது என்று அவள் சொன்னதை நண்பர் மெச்சினார். பத்து மணிக்குப் பிறகு அவள் பேச்சு நின்றது. நான் காபி டம்ளர்களை எடுக்கப் போனபோது திவானின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. வலி கூடுகிறதா என்று கேட்டேன். தலையை அசைத்தாள். அதற்கு ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா, தெரியவில்லை. வலி மாத்திரை கொடுத்தேன்.

அப்போதுதான் மைத்துனர் கேட்டார். "அண்ணா, இவளை வேற டீமுக்குத் தள்ளிவிட்டா நமக்கு என்ன கிடைக்கும்?"

"அடிபட்ட பிளேயர் மச்சான்," என்றார் நண்பர். "யாரும் எடுக்க மாட்டான். கூட நாமதான் எதாவது சேர்த்துக் குடுத்து அனுப்பணும்."

"அப்படிச் சொல்லாத. கணக்குல சென்டம்," என்றார் என் கணவர். "லாங் டெர்ம்ல வேல்யூ இருக்கு. சாப்பாட்டுச் செலவுதான் ஜாஸ்தி."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மைத்துனரின் கை மேலே போயிற்று, விசில் வந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே மகள் சொன்னாள். "ஃப்ளாப் பண்ணாதீங்கம்மா. ப்ளீஸ்."

ஆறுமாதம் கழித்து ஒரு நாள், பேருந்துக்குக் காத்திருக்கும்போது, "அன்னைக்கு நான் சொன்னதைக் கேட்காம என்னை இழுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மதியம் பிரியாணி வந்தது. அவள் தொடவில்லை. கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மரத்துப்போயிருக்கிறது என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் கட்டைப் பிரித்தேன். துணியின் வரிகள் சதையில் பள்ளமாகப் பதிந்திருந்தன. தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. அழுத்திப் பார்த்தேன். சதை என்று சொல்ல முடியாது, சமையல் மேடையின் கடப்பைக்கல்லை அழுத்துவது போலிருந்தது.

"அண்ணி, இறுக்கிக் கட்டின கம்ப்ரஷனே போச்சு," என்றார் மைத்துனர். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

நான் அவள் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாகக் கீழ்நோக்கி மடக்கினேன். அவள் அலறிய அலறல் அடுத்த வீடுவரை கேட்டிருக்கும். அலறிவிட்டு, "ஸாரிப்பா" என்றாள். அப்பாவிடம்தான் மன்னிப்புக் கேட்டாள்.

கணவர் திரும்பினார். "அடிபட்ட இடத்தைத் தொட்டா வலிக்கத்தான் செய்யும். ஏன் தொடுற?"

தசை வீங்குகிறது. அதைச் சுற்றியிருக்கும் உறை விரிந்துகொடுப்பதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி ஏறி, தசை தன் ரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொள்கிறது. சில மணி நேரம் போனால் தசை செத்துவிடும். இறுக்கமான கட்டும் உயர்த்தி வைத்த காலும் அது சாவதற்கு உதவிதான் செய்யும். இதையெல்லாம் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அப்போது எனக்குத் தெரிந்தது, இந்தக் கால் சரியில்லை என்பது மட்டும்.

கார் சாவியைக் கேட்டேன். எங்கள் காருக்குப் பின்னால் நண்பரின் கார் நின்றிருந்தது. "இதோ சிஸ்டர், ரெண்டு நிமிஷம்," என்றார் அவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். அந்த மனிதரை விற்ற அணியின் நிர்வாகி காலையில் நிருபர்களிடம் பேசியதை மறுஒளிபரப்பில் போட்டிருந்தார்கள். அந்தப் பேட்டி முடிந்தது. பிறகு அதைப் பற்றிய அலசல் வந்தது. கார் நகரவில்லை. என் கணவர் என் பக்கம் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார், கொஞ்சம் பொறு என்று. நான் தெருவுக்குப் போய் ஆட்டோவை நிறுத்தினேன். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததால்தான் கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தப்பாக இருந்தால் இருக்கட்டும்.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் கேள்வி கேட்கும் முன்பே கணவர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். எலும்பில் அடி, ஐஸ் வைத்தோம், கட்டினோம், உயர்த்தி வைத்தோம் என்று சுத்தமான ஆங்கிலத்தில், அடிக்கடி கேட்ட அறிக்கையைப் படிப்பதுபோலச் சொன்னார். இளம் மருத்துவருக்கு அது பிடித்திருந்தது. விஷயம் தெரிந்தவரோடு பேசுவது சுலபம். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. மாத்திரை எழுதி, மறுபடி கட்டச் சொன்னார். கணவர் எக்ஸ்ரே படத்தைத் தம்பிக்கு அனுப்பினார். உடனே கட்டைவிரல் உயர்த்திய படம் வந்தது.

நான் கட்டவிட மாட்டேன் என்றேன். எலும்பு மருத்துவர் வந்து பார்க்காமல் இந்தக் கட்டிலைவிட்டு இவளை இறக்க மாட்டேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் டிரிப் ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாரும் பாக்குறாங்க," என்றார் கணவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

பார்க்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். கட்டிலின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். இளம் மருத்துவர் சலிப்போடு போன் செய்தார். எலும்பு மருத்துவர் பொத்தேரி பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் இருக்கிறார், புறப்படுகிறார், சாலையில் நெரிசல் என்றார்.

காத்திருந்த நேரத்தில் மகள் எதையும் மறைக்கவில்லை. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, ஒரு மிருகம் முனகுவதுபோல விடாமல் முனகினாள். பாதம் வெளிறிச் சில்லிட்டிருந்தது. விரலைத் தூக்கு என்றேன். தூக்குகிறேன் என்றாள். விரல் அசையவில்லை. அவள் தூக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கணவரின் போன் அதிர்ந்தது. பார்த்தார். அவளுடைய மனதை வேறு பக்கம் திருப்பலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அவள் தலைமாட்டில் குனிந்து சொன்னார். "டிரேட் இன்னும் ஃபைனல் ஆகலையாம்டா. புது டீம் டாக்டருங்க முதல்ல முழங்காலைச் செக் பண்ணணுமாம். மூணு ஸ்பெஷலிஸ்ட் வர்றாங்களாம். அவங்க ஓகே சொன்னாத்தான்."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எலும்பு மருத்துவர் வந்தபோது வெளியே விளக்குப் போட்டிருந்தார்கள். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தார். கணவர் முன்னால் போய், "டாக்டர், பேஸிக்கலி போன் ப்ரூஸ், எக்ஸ்ரே கிளியர், ஐஸ் அண்ட் கம்ப்ரஷன்…" என்று தொடங்கினார். மருத்துவர் நிற்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு வந்து, காலின் முன்பக்கத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். கட்டைவிரலைக் கீழே மடக்கினார். அவள் அலறி முடிக்கும்வரை பாதத்தை விடாமல் பிடித்திருந்தார். இளம் மருத்துவரிடம் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். கணவர் மறுபடியும் ஏதோ சொல்ல வந்தார்.

"சார், நீங்க பேசாதீங்க," என்றார் மருத்துவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"