புறம்போக்கு என்றேன்

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு நான்-டீடெயில் பாடமாக ஓர் அமெரிக்க நாவல் வைத்திருந்தார்கள். ஆளில்லாத காட்டில் ஒரு குடும்பம் மரம் வெட்டிக் குடிசை போட்டுப் பிழைக்கிற கதை. "எப்பேர்ப்பட்ட துணிச்சல் பாருங்க!" என்று உருகி உருகி நடத்துவேன்.

ஒருநாள் ரெஜினா எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். அன்று முகமெல்லாம் சிரிப்பு.

"சார், எங்கப்பாவும் இப்படித்தான் ஏரிக்கரையில புதர வெட்டி வூடு கட்னாரு. ஒரே பாம்பு சார் அங்க!"

"அது புறம்போக்கும்மா" என்றேன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டதே 'புறம்போக்கு' என்றுதான். காதில் விழுந்தும் நான் கண்டிக்கவில்லை. அரைப் பரீட்சைக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை.

சில வருஷத்தில் குடிசைகளைக் காலி செய்துவிட்டு, அந்த ஏரிக்கரையை மனை போட்டு விற்றார்கள். நானும் ஒன்று வாங்கி வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள், "பாம்பு நடமாடுற இடத்துல துணிஞ்சு கட்டிட்டீங்களே சார்!" என்று என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

அதே ஏரிக்கரைதான். யாருமே சிரிக்கவில்லை.