ஒன்றேகால் வெள்ளி முடிச்சுகள்

எங்கள் அப்பா விட்டுப்போன சொத்து ஒரு பிஸ்கட் டின். அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த சின்னச் சின்ன முடிச்சுகள், பதினேழு. எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது முடிந்தது ஒன்று. ஜப்பான்காரன் அண்ணனை சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகக் கூடாது என்று ஒன்று. அம்மா பிழைக்க வேண்டும் என்று ஒன்று. அம்மா பிழைக்கவில்லை, முடிச்சு மட்டும் இருந்தது. ஒவ்வொன்றிலும் இருபது காசு ஆறு, ஐந்து காசு ஒன்று. ஊரில் ஒன்றேகால் ரூபாய் முடிந்து வைப்பார்களே, அதை அப்பா இங்கே மலாயாவில் ஒன்றேகால் வெள்ளியாக, அதாவது ஒன்றேகால் டாலராக, மாற்றிக்கொண்டார். வேண்டுதல் எல்லாம் தமிழ்நாட்டில் இருந்த குலதெய்வத்துக்கு. கப்பலேறும்போது கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே, கப்பலேறாமல் கண்ணை மூடிவிட்டார்.

அந்தக் காசில் ஒரு பழைய சைக்கிள் வாங்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. சைக்கிள் இருந்தால் கோலசிலாங்கூர் டவுனில் வேலை தேடலாம், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதை விட்டுத் தொலைக்கலாம். நான் மாட்டேன் என்றேன். அவன் எது சொன்னாலும் மாட்டேன் என்பது அப்போது என் வழக்கம். பத்தொன்பது வயது, வாய் நீளம். பழைய ராஜா தலை போட்ட காசு, வைத்திருந்தால் நல்ல விலைக்குப் போகும் என்று ஒரு காரணமும் வைத்திருந்தேன்.

சண்டையைத் தீர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை டின்னோடு டவுனுக்குப் போனோம். அங்கே ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். பழைய காசும் நகையும் பார்த்துச் சொல்வார். இரண்டு முடிச்சை அவிழ்த்து ஒவ்வொரு காசையும் கண்ணாடி மேசையில் தட்டிப் பார்த்தார்.

"இது ஊரெல்லாம் கிடக்குற காசு தங்கச்சி. ஜப்பான் சண்டைக்கு முந்துனதுல வெள்ளி கொஞ்சம் கூட இருக்கும். உருக்குனா கூலிக்கே கட்டாது. வச்சிருந்து பிரயோஜனம் இல்ல, செலவு பண்ணிடுங்க."

"கேட்டுக்கிட்டியா?" என்றான் அண்ணன்.

"சாமி காசு லா. தொடக் கூடாது."

விலை போகாது என்றதும் சாமியைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, அவன் கண்ணில் படாமல் அடுப்படி மண்ணைத் தோண்டி டின்னைப் புதைத்து, மேலே விறகை அடுக்கினேன்.

ஜப்பான்காரன் போன பிறகு வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்காரர்கள் என்று நாங்கள் சொன்ன கம்யூனிஸ்டுகள் வீட்டுக்கு வீடு சந்தா கேட்டார்கள். கொடுத்தால் போலீஸ் அடிக்கும், கொடுக்காவிட்டால் அவர்கள் அடிப்பார்கள். எங்களை வேலை வாங்கும் மண்டோர் போலீசிடம் போய்ச் சொன்னார் என்று ஒரு நாள் பால் நிறுக்கும் நேரத்தில் வந்தார்கள். நாங்கள் எல்லோரும் வாளியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பாராங்கத்தியால் கழுத்தில் இரண்டு வெட்டு. அவர் என் வாளிமேல் விழுந்தார். பாலும் ரத்தமும் சேர்ந்து என் கால்விரல்களுக்கு நடுவில் ஓடியது. லோரியைக் கொளுத்திவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனார்கள். மண்டோரின் மனைவி ஓடிவந்து வெட்டுப்பட்ட கழுத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொத்தி என்ன செய்ய?

மூன்றாம் நாள் காலையில் தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்தைப் போலீஸ் வளைத்தது. எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு வீடு வீடாகத் தரையைக் குத்திப் பார்த்தார்கள். எங்கள் அடுப்படியில் டின் கிடைத்தது. வெள்ளைக்கார அதிகாரி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கச் சொன்னார். எல்லாவற்றிலும் ஒரே தொகை. அவர் கேட்டதைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"வீட்டுக்கு ஒண்ணேகால் வெள்ளி சந்தா வசூல் பண்ணியிருக்கீங்கன்னு தொரை சொல்றாரு."

"சந்தா இல்லீங்க. எங்கப்பா சாமிக்கு முடிஞ்சு வச்ச காசுங்க," என்றான் அண்ணன்.

கிராணி அதை எப்படி மொழிபெயர்த்தார் என்று எனக்குத் தெரியாது. துரை சிரித்தார். சாமி காசை எவன் மண்ணுக்குள் புதைப்பான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"யாரு பொதைச்சது?" என்றார் கிராணி.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டான்.

"நான்தாங்க."

துப்பாக்கிக் கட்டை அவன் தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனை விலாவில் உதைத்தார்கள். தூக்கி நிறுத்தி மறுபடியும் அடித்தார்கள். யார் யார் கொடுத்தது, பேரைச் சொல் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். பேர் இருந்தால்தானே சொல்வதற்கு? அவன் பல் இரண்டு புழுதியில் கிடந்தன. நான் கத்தவில்லை, குறுக்கே போய் விழவில்லை. லயம் முழுக்க வாயாடி என்று பேரெடுத்தவள் மரம்போல நின்றேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

அன்றே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்து டவுன் ஸ்டேஷனில் அவனைப் பார்க்க விட்டார்கள். அதற்கு முன்பு ஒரு மலாய் சார்ஜன் டின்னை என் கையில் கொடுத்தார். "டுயிட் பியாசா," என்றார். சாதாரணக் காசாம், அவர்களுக்கு வேண்டாமாம். ஆளை உள்ளே வைக்க அவசரகாலச் சட்டத்தில் சாட்சி எதுவும் தேவையில்லை. காசை விட்டார்கள், ஆளை விடவில்லை.

அண்ணனின் முகம் ஒரு பக்கமாக வீங்கி, தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. கம்பிக்கு அருகில் போய்ச் சொன்னேன்.

"அண்ணே, நான்தான் பொதைச்சேன்னு இப்பவே சொல்லிடறேன்."

"சொன்னா என்னை விட்டுடுவானுங்களா? ஒன்னையும் இதே மாதிரி அடிப்பானுங்க." ஒவ்வொரு சொல்லுக்கும் எச்சில் ரத்தமாக வழிந்தது. "பேசாம வீட்டுக்குப் போ."

டின்னை எடுத்துக்கொண்டு போனேன். காசு முழுவதும் அந்த மாதமே அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் போயிற்று. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிப் போட்டார். மறு வருஷம் அண்ணனை நாடுகடத்தி இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கைக்குழந்தையாக இங்கே வந்தவன். அங்கே அவனுக்கு ஒருத்தரையும் தெரியாது. ஒரு கடிதம் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அவன் சொல்லி நான் மறுபேச்சில்லாமல் கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். கேட்டிருக்கக் கூடாது.