ஆவுடைத்தாய் ரேடியோ செட்

எம்.ரெட்டியபட்டி ஆவுடைத்தாய்க்குத் தொழில் தொடங்கும் எண்ணம் எதுவும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டையில் பெண்களுக்கான தொழில்முனைவோர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தது அவளுடைய நாத்தனார் யுவராணி. யுவராணிக்குத் தையல் நன்றாக வரும். ஆனால் புது ஆட்களைக் கண்டால் பேச்சு வராது.

"மதினி, நீயும் பேரு குடேன். பக்கத்துல சும்மா ஒக்காந்திரு, அது போதும் எனக்கு" என்று கெஞ்சினாள்.

பருத்தி எடுப்பு முடிந்து, காட்டில் வேலை ஓய்ந்திருந்த நேரம். வெயிலில் கிடப்பதற்குப் பதில் மண்டபத்து மின்விசிறிக்குக் கீழே கிடக்கலாம், மத்தியானச் சாப்பாடும் போடுகிறார்கள் என்றதும் ஆவுடைத்தாய் கிளம்பிவிட்டாள்.

ஆனால் சும்மா உட்காருவதுதான் அவளுக்கு ஆகாத காரியம். பருத்திக் காட்டின் ஒரு கோடியில் நின்று அவள் யாரையாவது கூப்பிட்டால் பக்கத்துப் புஞ்சையில் உள்ளவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஊரில் ரேஷன் கடை திறந்தாலும், தண்ணீர் லாரி வந்தாலும், அதை நாலு தெருவுக்கும் சொல்லுகிற பொறுப்பு தானாக அவள்மேல் வந்து விழுந்திருந்தது. அவள் கணவன் அழகுராஜா குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவன். "நான் விருதுநகர்ல நிக்கேன் புள்ள, போன வச்சிட்டுப் பேசு, கேக்கும்" என்பான்.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்தது. மண்டபத்துக்குப் பின்பக்கம் விசைத்தறிக் கூடம். காலையில் ஆரம்பித்தால் தறிச் சத்தம் சுவரைத் தட்டிக்கொண்டே இருக்கும். அதனால் பேசுகிறவர்களுக்கெல்லாம் மைக் தேவைப்பட்டது. பயிற்சி நடத்திய தங்கச்செல்வி மேடம் மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். எப்போதும் சிரித்த முகம்தான். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வராமல் விடமாட்டார்.

ஒருநாள் எல்லாரையும் எழுப்பி, என்ன தொழில் செய்யப் போகிறீர்கள் என்று சொல்லச் சொன்னார். ஒருத்தி தையல் என்றாள். அடுத்தவள் மசாலாப் பொடி என்றாள். பிறகு அழகு நிலையம், மறுபடி தையல், மறுபடி மசாலாப் பொடி. யுவராணி எழுந்து, தையல் என்ற ஒரு சொல்லைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நேரம் மைக் கீச்சென்று கத்தியது, அதோடு அடங்கிவிட்டது. செட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். தறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அடுத்தது ஆவுடைத்தாய்.

"எனக்கு மைக்கு வேணாம் மேடம்" என்றாள். கடைசி வரிசையில் கண்ணயர்ந்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சரி சொல்லுங்க. என்ன தொழில்?"

அவள் எதையும் யோசித்து வந்திருக்கவில்லை. தையல் என்று சொன்னால் யுவராணிக்குப் போட்டி. மசாலாப் பொடிக்கு ஏற்கெனவே ஆள் அதிகம். எதிரே மூலையில் ஊமையாக நின்ற ஸ்பீக்கர் பெட்டி கண்ணில் பட்டது.

"ரேடியோ செட்டு" என்றாள்.

விசேஷ வீடுகளுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்குப் போடுகிற தொழில். மண்டபமே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. பலகைப் பக்கம் திரும்பி, ‘ரேடியோ செட் – ஆவுடைத்தாய்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவள் பெயரை யாரும் பலகையில் எழுதியதில்லை. விளையாட்டுக்குச் சொன்னேன், அழிச்சிருங்க மேடம் என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு மனசு வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் அந்த மைக் வயரை உருவி எடுத்து, முனையைப் பல்லால் கடித்து இழுத்து, செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகினாள். மைக் பேசியது. கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஆவுடைத்தாயிடம் வந்தாள்.

"நெசமாத்தான் சொன்னியா, ரேடியோ செட்டுன்னு?"

"நெசமாவும் இல்ல, பொய்யும் இல்லக்கா. வாயில வந்துருச்சு."

அவள் பெயர் சண்முகவடிவு. அருப்புக்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கும் சின்னத்துரையின் மனைவி. பிறந்த வீடு திருச்சுழி. அங்கே அவள் அப்பாவுக்கு எலக்ட்ரிக் கடை. பாவாடை கட்டிய வயதிலேயே இஸ்திரிப் பெட்டியும் மிக்ஸியும் கழற்றி மாட்டியவள். கல்யாணமாகி வந்த வீட்டில், நம்ம வீட்டுப் பொம்பளைக்கு டெஸ்டர் எதுக்கு என்று சொல்லிவிட்டார்கள். டெஸ்டரைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

"ரவிக்கைக்கு ஆரி வேலை கத்துக்கப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டுத்தான் இங்க வந்திருக்கேன்" என்றாள். "எனக்கு வயரு தெரியும் ஆவுடை. ஆனா நாலு பேரு முன்னாடி வாய் வராது. ஒனக்கு வாய் இருக்கு. சேந்து செய்வமா?"

ஆவுடைத்தாய் எலுமிச்சைச் சோற்றை மென்று முடிக்கிற வரைக்கும் யோசித்தாள். பிறகு சரியென்றாள்.

அடுத்த வேலையாக மேடம் எல்லாரையும் அவரவர் ஊருக்குள் அனுப்பினார். உங்களிடம் வாங்கப் போகிறவர்களிடம் பேசுங்கள், அதே தொழிலில் இருப்பவர்களிடமும் பேசுங்கள் என்றார். ரெட்டியபட்டியில் செட் வைத்திருப்பவர் தவசி. ஆவுடைத்தாய் சண்முகவடிவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் நின்றாள்.

"பொம்பளைக ரெண்டு பேரு பொட்டி தூக்கப் போறீகளா?" என்று தவசி வயிறு குலுங்கச் சிரித்தார். "தாராளமாப் போங்க. பாட்டுப் போடுறது லேசு. மூணாம் வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான் பாரு, அதச் சமாளிக்கணும்."

"சண்டைதான, அத நான் பாத்துக்கிறேன் சித்தப்பா."

பிறகு பெண்களிடம் கேட்டார்கள். அங்கேதான் விஷயமே இருந்தது. வளைகாப்பு, சடங்கு, காதுகுத்து என்று பெண்கள் கூடுகிற விசேஷங்களில் செட் போட வரும் ஆட்கள் பெட்டியை அதிரவிட்டுப் போய்விடுகிறார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லக் கூப்பிட்டால் ஆள் இருப்பதில்லை. வந்திருக்கும் அத்தையும் சித்தியும் காதுக்குள் வாயை வைத்துக் கத்திப் பேசிவிட்டுப் போகிறார்கள். பாடத் தெரிந்தவர்கள் இருந்தாலும் மைக்கைக் கேட்கக் கூச்சம். "கூடவே இருந்து, சொன்னாக் கேக்குற செட்டு இருந்தாச் சொல்லு, இப்பவே தேதி தாரேன்" என்றாள் பாலவனத்தத்திலிருந்து விருந்து வந்திருந்த சுப்பம்மாள். அவள் மகள் சுகந்திக்கு ஏழாம் மாதம்.

ஆவுடைத்தாய் இரண்டு கிடாய்களை விற்றாள். சண்முகவடிவு சீட்டுப் பணத்தைப் போட்டாள். மதுரையில் புது செட் வாங்கிய ஒருவரிடமிருந்து அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெட்டிகளும் வயர் இல்லாத ஒரு மைக்கும் அழகுராஜாவின் வண்டியில் வந்து இறங்கின. சண்முகவடிவு ஆம்ப்ளிஃபயரின் முதுகைக் கழற்றி உள்ளே பார்த்தபோது, நகைக் கடைக்குள் நுழைந்தவள் மாதிரி முகம் மலர்ந்திருந்தாள்.

பாலவனத்தத்தில் சுகந்தியின் வளைகாப்பு பிரமாதமாக நடந்தது. பாட்டு இருந்தது, பேச்சும் கேட்டது. ஆவுடைத்தாய் மைக்கைக் கொண்டுபோய் ஒவ்வொருத்தியிடமாக நீட்டினாள். கூச்சப்பட்ட பெரியத்தை ஒருத்தி பாட ஆரம்பித்து, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் ஏழெட்டுப் பாட்டு பாடினாள். குலவைச் சத்தத்தில் பந்தல் துணி ஆடியது. பந்தி போட்டதும், இருவரும் பெட்டிகளுக்குப் பின்னால் இலையை விரித்து உட்கார்ந்தார்கள். வயர் இல்லாத அந்த மைக்கைச் சண்முகவடிவு மடியில் போட்டுக்கொண்டாள். அணைக்க மறந்துவிட்டாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்தது.

"இன்னைக்கு வீட்டுல என்னக்கா சொல்லிட்டு வந்தீக?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

"ஆரி வேலையில பரிச்சைன்னு சொன்னேன்."

"பரிச்சையா! அவுக நம்பிட்டாகளா?"

"அவுகளுக்கு இரும்பு ஆணியத் தவிர வேற என்ன தெரியும்? நல்லாப் பண்ணிட்டு வான்னு திருநீறு பூசி அனுப்புனாக."

ஆவுடைத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் போய், எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. எட்டிப் பார்த்தார்கள். பந்தியில் ஒரு கையும் வாய்க்குப் போகவில்லை. பிறகு பந்தலே வெடித்துச் சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள், மூன்றாவது வரிசையில் பட்டுச் சேலையோடு இருந்த அம்மாள். சின்னத்துரையின் சித்தி. இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே இடது கையால் போனை எடுத்துவிட்டாள்.

சண்முகவடிவின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆவுடைத்தாய்க்குத் தன் வாய்தானே கேட்டது என்று இருந்தது. ஆனாலும் விசேஷம் பாதியில் நிற்கக் கூடாது. மைக்கை வாங்கி, "பாயசம் இன்னும் வரல. யாரும் எந்திரிக்காதீக" என்று ஒரு அதட்டுப் போட்டாள். கடைசிப் பந்தி முடியும்வரை இருந்துவிட்டுத்தான் பெட்டியை ஏற்றினார்கள்.

அருப்புக்கோட்டையில் இரும்புக் கடை முன்னால் வண்டி நின்றது. தனியாகப் போக விடக் கூடாதென்று ஆவுடைத்தாயும் கூடவே இறங்கினாள். சின்னத்துரை ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து, பொட்டலம் கட்டி, ஆளை அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"பரிச்சை எப்படி?"

சண்முகவடிவு கீழே சிந்தியிருந்த ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"ஊருக்கே மைக் போட்டுச் சொன்னவ, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது.

"சொன்னா விட்டிருப்பீகளா?"

சின்னத்துரை தராசைப் பார்த்தார். எதையும் எடை போடாமல் பேசுகிற ஆளில்லை அவர். "விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

ஆவுடைத்தாய் தனக்கே அடையாளம் தெரியாத மெல்லிய குரலில் சொன்னாள்: "தப்பு என் வாய் மேலதான் அண்ணாச்சி. ஆனா அக்கா கை வச்சா, செத்த பொட்டியும் பேசுது. அத மட்டும் நீங்க ஒருதடவ வந்து பாருங்க."

அவர் தராசுத் தட்டைத் துடைத்து வைத்தார். சண்முகவடிவு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் பயிற்சிக்கு வரவில்லை. பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. வங்கி அதிகாரி வந்து லோனைப் பற்றிப் பேசினார், ஆவுடைத்தாய் காதில் ஏறவில்லை. யுவராணியே பதறிப்போய், "மதினி, ஏதாச்சும் பேசேன், பயமா இருக்கு" என்றாள். ‘சேந்து செய்வமா’ என்று கேட்ட அந்தக் குரலை ஆவுடைத்தாயால் மறக்க முடியவில்லை. பெட்டிகளை விற்றுவிடலாமா என்றுகூட அழகுராஜாவிடம் கேட்டாள். அவன், "ஏன், அதுக என்ன செஞ்சுச்சுக?" என்றதோடு சரி.

ஆனால் பாலவனத்தத்தில் நடந்தது பாலவனத்தத்தோடு நிற்கவில்லை. வளைகாப்புக்கு வந்தவர்கள் அவரவர் ஊருக்குப் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். கேட்டவர்களுக்குத் தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் அந்தப் பெண்கள்தான் வேண்டும் என்றாகிவிட்டது. அவர்களிடம் போன் நம்பர் இல்லை. ஆணிக் கடைக்காரர் சம்சாரம் என்ற அடையாளம் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவரிடம் சின்னத்துரை, "அப்படி யாரும் இங்க இல்ல" என்றார். அடுத்து வந்தவரிடம், "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றார். அதற்கடுத்து கல்லூரணியிலிருந்து ஒரு குடும்பமே ஆட்டோவில் வந்து இறங்கியபோது அவரால் தாங்க முடியவில்லை. வாசலுக்கு வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாத மனுஷர். "தேதி என்ன?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான், உள்ளே கதவோரம் சண்முகவடிவு நிற்பதைப் பார்த்தாராம். இதை அவள் பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் அவள் பயிற்சிக்கு வந்தாள். கைப்பையைத் திறந்து காட்டினாள். டெஸ்டர் இருந்தது. ஆவுடைத்தாய் கட்டிப்பிடித்துப் போட்ட கூச்சலில் பின்னால் தறிக் கூடத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மேடம் வகுப்பை நிறுத்திவிட்டு, என்ன நடந்தது என்று முழுக்கக் கேட்டுச் சிரித்து, அதற்கப்புறம்தான் பாடத்தைத் தொடர்ந்தார்.

அதோடு சின்னத்துரை விட்டுவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவுடைத்தாய் கடையில் இறக்கி வைத்திருந்த பெட்டிகளை எடுக்கப் போனபோது, இரண்டின் முகப்பிலும் இரும்புக் கடையின் பெயர் மஞ்சள் பெயிண்டில் பளபளத்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"அண்ணாச்சி, இது என்ன?"

"எத்தன ஊருக்குப் போகுது பொட்டி! சும்மா போகலாமா? கடைக்கு ஒரு விளம்பரம்."

"பஸ்ஸுல விளம்பரம் எழுதுனாப் பஸ்ஸுக்காரங்களுக்கு வாடகை குடுக்கணும். எங்களுக்கு?"

"நம்ம வீட்டுப் பொட்டிக்கு வாடகையா?"

"ஒரு பொட்டி ஒங்க வீட்டுது. இன்னொண்ணு எங்க கிடாய்க. அதுக கேக்குதுக."

சின்னத்துரை சண்முகவடிவைப் பார்த்தார். அவள் வயர் சுற்றுவதில் மும்முரமாக இருந்தாள். பேரம் டீ வருகிறவரை நடந்தது. கடைசியில், பெட்டிகளைத் தூக்கி வைக்க இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் அவர் செலவில் செய்து தருவது, கடைப் பெயர் பக்கவாட்டுக்குப் போவது, முகப்பில் ‘ஆவுடைத்தாய் – சண்முகவடிவு ரேடியோ செட்’ என்று எழுதுவது என்று முடிவானது. தன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று ஆவுடைத்தாய் கேட்கவில்லை. சண்முகவடிவுதான் பெயிண்டரிடம் அப்படி எழுதச் சொன்னாள்.

பெரிய கோயில் பொங்கல்கள் இப்போதும் தவசிக்குத்தான் போகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் விசேஷம் குறைவு. அப்போது ஆவுடைத்தாய் பழையபடி களை வெட்டப் போகிறாள், அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மற்ற மாதங்களில் முகூர்த்த நாள் தப்புவதில்லை. ஆவணியில் ஒரு காதுகுத்துக்காகத் திருச்சுழிக்குப் புறப்பட்டபோது, சண்முகவடிவு முதல்முறையாகப் பிறந்த ஊருக்குத் தொழிலாகப் போகிறாள் என்று சின்னத்துரையே கடையைப் பூட்டிக்கொண்டு வந்து வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இடமில்லாமல் பெண்கள் இரண்டு பேரும் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டார்கள். கரிசல் காற்று சேலையைப் பிய்த்தது. புது ஸ்டாண்டுகள் கடகடத்தன. முன்னாலிருந்து அழகுராஜா ஏதோ கேட்டான், காதில் விழவில்லை.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க!" என்று ஆவுடைத்தாய் பொதுவாகச் சொல்லி வைத்தாள்.