முகூர்த்த நாளில் ஒரு சைட் விசிட்

1. தேதி

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் கஸ்தூரி போன் செய்தாள்.

“மேடம், நாளைக்கு பெரிய முகூர்த்தம். காணிப்பாக்கத்துல எங்க பாத்தாலும் கல்யாணம். எங்க வண்டிங்க ஓடிக்கினே இருக்கும். சார்ங்கள வேற நாள்ல வரச் சொல்லுங்களேன்.”

“அவங்களுக்கு இந்த ஒரு நாள்தாம்மா கிடைச்சுது. காலைல கொஞ்ச நேரம் வண்டிய நிறுத்தி வைங்க.”

“முகூர்த்த நாள்லயா?” என்றாள். தீபாவளியன்று பட்டாசுக் கடையை மூடச் சொன்னது போல ஒலித்தது அவள் குரல்.

திருப்பதியில் எங்கள் அறக்கட்டளை அலுவலகம். வசதி இல்லாத மக்கள் சேர்ந்து நடத்தும் சிறு தொழில்களுக்கு கிராண்ட், அதாவது திருப்பித் தர வேண்டாத நிதி, கொடுக்கிறோம். ப்ரொபோசலைப் படித்து, நேரில் பார்த்து, கமிட்டி முன்னால் வைப்பது என் வேலை.

கஸ்தூரிக்குச் சிறு வயதிலேயே போலியோவில் வலது கால் போய்விட்டது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். நிலம் இல்லாத குடும்பம். தன்னைப் போலவே நடக்கச் சிரமப்படும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டாள். கையாலேயே பிரேக் போடும்படி மாற்றிய இரண்டு பேட்டரி ஆட்டோக்களில், பஸ் நிறுத்தத்திலிருந்து பிள்ளையார் கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் வாடகை வண்டிகள். அவற்றை விற்கப் போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். கிராண்ட் வந்தால் சொந்த வண்டிகளும் சார்ஜிங் ஷெட்டும். வராவிட்டால் ஆறு பேரும் பழையபடி வீட்டு மூலையில்.

2. கேள்வி

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் புரொஜெக்டர் வைத்திருந்தோம். கமிட்டியில் மூன்று பேர். சேர்மன் பெங்களூரில் பேங்க் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம். ஸ்லைடுகளை எல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“நல்ல முயற்சிதாம்மா. எனக்கு ஒரே ஒரு டவுட். ஜனங்க உங்க வண்டியில தேவைக்கு ஏறுறாங்களா, பாவம்னு ஏறுறாங்களா? பாவம்னு ஏறினா அது பிசினஸ் இல்ல. கிராண்ட் தீர்ந்த அன்னிக்கே கடையும் மூடிடும்.”

கஸ்தூரியின் முகம் சுண்டிவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே ஓடி வந்தார்.

“வெளிய நிக்கிற ஆட்டோ யார்துமா? எங்க வேன் பாலத்தாண்ட டிராபிக்ல மாட்டிக்கிச்சு. என் புள்ள, மாப்ள, அதுலதான் கீறான். தாலியும் அதுலதான் கீது. முகூர்த்தம் தாண்டிப் பூடும்மா!”

கஸ்தூரி ஊன்றுகோலை எடுத்துவிட்டாள். “சார், போய் வந்து பதில் சொல்றேன்.”

“நில்லும்மா, நானும் வரேன்” என்று சேர்மன் எழுந்தார். ஏன் எழுந்தார் என்று பிறகு கேட்டேன். அவருக்கே தெரியவில்லை.

3. ஓட்டம்

கஸ்தூரி வண்டியில் சேர்மனும் மாப்பிள்ளையின் அப்பாவும். அவள் கூட்டாளி கோவிந்து ஓட்டிய இரண்டாவது வண்டியில் நான். மெயின் ரோட்டில் எறும்பு போகவும் வழியில்லை. கஸ்தூரி சட்டென்று கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஒரு மண் பாதையில் திருப்பினாள்.

“சார், குனிஞ்சிக்கோங்க!”

கரும்புத் தோகைகள் இரண்டு பக்கமும் வண்டியை அறைந்தன. முன்னால் யாரோ பள்ளிக்கூடப் பையனைப் போலச் சிரிக்கும் சத்தம் கேட்டது. சேர்மன்தான். எத்தனையோ மீட்டிங்கில் அவருடன் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

வேனிலிருந்து மாப்பிள்ளையும் அவன் அத்தையும் கஸ்தூரி வண்டியில் தாவி ஏறினார்கள். தவில்காரர் எங்கள் வண்டிக்கு வந்தார். பாதித் தவில் என் மடியில். அத்தை தாலித் தட்டைச் சேர்மன் கையில் திணித்தார்.

“பெரியவரே, சும்மாதானே குந்திக்கினு கீற? இத்த கெட்டியா புட்சிக்கோ!”

கோடிகளில் கையெழுத்துப் போட்ட கை அது. தட்டை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

மண்டபத்துக்கு ஏறும் மேட்டில் கஸ்தூரியின் வண்டி பாரம் தாங்காமல் நின்றுவிட்டது.

“எறங்கித் தள்ளுங்க சார்!”

“தாலி?”

“அத்தகிட்ட குடுங்க!”

சேர்மன் இறங்கினார், நான் இறங்கினேன், மாப்பிள்ளையும் இறங்கப் பார்த்தான். “நீ எறங்காதடா, வேர்த்தா போட்டோ நல்லா வராது!” என்று அத்தை அவனை இழுத்து உட்கார வைத்தார். நாங்கள் தள்ளினோம். எங்களுக்கு உற்சாகம் வரட்டும் என்று தவில்காரர் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே அடிக்க ஆரம்பித்தார். வண்டி ஏறிவிட்டது. முகூர்த்தம் தப்பவில்லை.

4. பேரம்

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா வெளியே வந்து வாடகை எவ்வளவு என்று கஸ்தூரியிடம் கேட்டார். அவள் சொன்னதும் கையை உதறினார்.

“இன்னாம்மா இவ்ளோ கேக்கற? கல்யாண வீடு, கொறச்சிக்கோ.”

“கொறைக்க முடியாதுண்ணா. ரெண்டு வண்டி, குறுக்கு வழி, முகூர்த்த ரேட்டு.”

“வேன்காரனே இவ்ளோ கேக்கலியே!”

“வேன்காரன் இப்ப எங்க கீறான்?”

அவர் வயிறு குலுங்கச் சிரித்து, கேட்டதை அப்படியே கொடுத்தார். எல்லாரையும் சாப்பிடவும் பிடித்து இழுத்துப் போனார். சட்டையெல்லாம் மண்ணாக நின்ற சேர்மன் என்னைப் பார்த்து, “இதுல பாவம் எங்கேம்மா இருக்கு?” என்றார்.

ஹாலில் காத்திருந்த மற்ற இரண்டு உறுப்பினர்களும் பந்திக்கு வந்து சேர்ந்தார்கள். இலை முன்னால்தான் மிச்ச மீட்டிங் நடந்தது. கேள்விகளில் சேர்மன் விட்டுக்கொடுக்கவில்லை. பேட்டரி போனால்? ஒரு டிரைவர் படுத்துவிட்டால்? இன்சூரன்ஸ்? கஸ்தூரி இரண்டுக்குப் பதில் சொன்னாள். மூன்றாவதற்கு, “அது முழுசா தெரியாது சார், கத்துக்கறோம்” என்றாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

“சரிம்மா. வண்டி வாங்கிக்கோங்க. முதல் தவணையை சீக்கிரம் அனுப்பச் சொல்றேன்.”

கஸ்தூரி பந்தியே அதிரக் கத்தினாள். “டேய் கோவிந்து! வண்டி நம்மளுதுடா!”

வாயில் வடையோடு கோவிந்து இரண்டு கையையும் தூக்கினான். விஷயம் ஒன்றும் புரியாமல் அத்தை கைதட்டினார். பக்கத்து இலையில் இருந்த தவில்காரர் சாப்பாட்டு மேஜையிலேயே கெட்டி மேளம் கொட்டினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லாதீர்கள். வேலை மும்முரமாக நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். வாடிக்கையாளர் வந்தால் நகர்ந்து இடம் விடுங்கள். தள்ளச் சொன்னால் தள்ளுங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் காலை டிபனைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுக் கிளம்புங்கள்.