கடைசிக் காம்பு நிற்கும்வரை

பூக்கடையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறாள். வாளிகளைக் கழுவுவது, தண்ணீருக்குள்ளேயே காம்பைச் சாய்வாக வெட்டுவது, முள் சீவுவது, அடியிலைகளை உருவுவது. கட்டைவிரல் ஓரத்தில் எந்தக் களிம்புக்கும் மூடாத வெடிப்பு. பூவைப் பார்த்து அவள் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. வாடுமா, தாங்குமா, அவ்வளவுதான் கேள்வி.

பெருமூச்செல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துப் பிரிவு. ஊரார் வண்டி எப்படிக் கவிழ்ந்தது என்று குறிப்பு எழுதியே தலை நரைத்தவர். போன வருடம் ஒன்பது வாரம் ஜப்பானியப் பூ அலங்காரம் படித்தார். பத்தாவது வாரம் கறுப்பு அங்கி தைத்துக்கொண்டார். பூவை அடுக்கி மேசையில் வைப்பதெல்லாம் பழைய காலமாம். இவர் மேடையில், இசையோடு, ஆட்கள் பார்க்கப் பார்க்க அடுக்குவாராம்.

இசைக்கு அவள் தம்பி. ஓட்டல் வரவேற்பறையில் கீபோர்டு வாசிப்பவன். அவனுக்கு இவர் போட்ட உத்தரவு ஒன்றே ஒன்று.

"கடைசிக் காம்பு நிக்கிற வரைக்கும் வாசி மாப்பிள்ளை. பூகம்பமே வந்தாலும் நடுவுல நிறுத்தக் கூடாது."

"பாத்ரூம் வந்தா மாமா?"

"கலையில கிண்டல் வேண்டாம்."

ஒரு சிறிய அரங்கம் கிடைத்தது. ஞாயிறு மாலை நான்கு மணி. அது நல்லபடி முடிந்தால் திங்கட்கிழமை வேலையை விடுவதென்று கடிதம் எழுதி, உறையில் போட்டு, அங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். "உன் சம்பளம் இருக்கே" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடி.

ஒரு மாதம் படுக்கையறையில் ஒத்திகை. அவள் கடையில் கழித்துப்போட்ட நீளக் கிளை ஒன்றுதான் கருவி. அது நாளுக்கு நாள் காய்ந்து சுள்ளியாகிவிட்டது. தட்டையான பீங்கான் தொட்டி, அதற்குள் ஊசிகள் நட்ட கனத்த முள்தட்டு, அதில் சாய்வாகச் சுள்ளி. சுள்ளிக்கு என்ன, நின்றது.

"ஏங்க, அன்னைக்குக் கொண்டுவர்றது பச்சைக் கிளை. பூவும் தண்ணியுமா கனக்கும். பின்பக்கம் இன்னொரு முள்தட்டைக் கவுத்து வச்சாத்தான் நிக்கும்."

"நீ பூ விக்கிறவ. ரெண்டாவது தட்டு கண்ணை உறுத்தும்."

"சரிங்க" என்றாள். இரண்டாவது தட்டைத் துணியில் சுற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப்பேர் அந்த ஒன்பது வாரத் தோழர்கள். தம்பி தொடங்கினான். இவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். மூக்கு விசிலடித்தது கடைசி வரிசைக்கும் கேட்டது. கிளையை ஊன்றிக் கையை எடுத்தார். கிளை முன்னால் குனிய, முள்தட்டின் பின்விளிம்பு தூக்கிக்கொண்டது. பாய்ந்து பிடித்தார். விட்டார், சாய்ந்தது. பிடித்தார். இனி விட முடியாது. மிச்சம் நான்கு காம்புகளும் எட்டாத வாளியில். கடைசிக் காம்பு நிற்காமல் இசையும் நிற்காது.

பத்து நிமிடம் போனது. இருபதும் போனது. தம்பிக்குத் தெரிந்த மெட்டெல்லாம் தீர்ந்து, ஓட்டலில் வாசிப்பதையே திரும்ப வாசித்தான். முன்வரிசைத் தோழர் ஒருவர், "ரொம்ப ஆழமா இருக்கு" என்றார். பின்வரிசைக்காரர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அரங்க மேலாளர் அவள் பக்கம் குனிந்தார். "எப்பம்மா முடியும்?"

"கை வலிச்சா முடியும் சார்."

வலித்தது. அவர் அவளைப் பார்த்தார், துண்டு எடுத்துவர மறந்து குளியலறைக் கதவிடுக்கில் பார்ப்பாரே, அதே பார்வை. அவள் அவசரப்படாமல் கைப்பையோடு மேடையேறி, தொட்டியருகே மண்டியிட்டு, தட்டைத் துணியிலிருந்து பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வை, சீக்கிரம்."

"நாளைக்கு ஆபீஸ் போவீங்களா?"

"ஏண்டி, இங்கயா கேப்ப?"

"இங்கதான்."

தம்பி சத்தத்தைக் குறைத்தான். "சரின்னு சொல்லுங்க மாமா, எனக்கும் விரல் விட்டுப்போச்சு."

"போறேன். போறேன், வை!"

"கடுதாசி?"

இடது கை அங்கிக்குள் துழாவி உறையை நீட்டியது. அதைக் கைப்பையில் போட்டு மூடிய பிறகே அவள் தட்டைக் கவிழ்த்து, ஊசியோடு ஊசி கவ்வும்படி பின்விளிம்பில் அழுத்தினாள். கிளை நின்றது. மற்ற நான்கும் இரண்டே நிமிடத்தில் நின்றன. இசை ஓய்ந்ததும் எழுந்த கைதட்டல் பலமாகவே இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்ற சந்தோஷம்.

மறுநாள் காலை அவர் தோளில் தைலம் தேய்த்துவிட்டாள்.

"அந்த இருபது நிமிஷ அசைவின்மை நான் யோசிச்சு வச்சதுதான்" என்றார்.

"கையைத் தூக்குங்க, சட்டை மாட்டணும்" என்றாள்.