கருவாடு சுற்றிய தாள்

ஓம், பயந்துதான் போனேன்.

அரசாங்க ஏஜெண்டுத் துரை சனங்களிடம் கூலியில்லாமல் ரோட்டு வேலை வாங்கியதைப் பத்திரிகையொன்றில் பெயர் போடாமல் எழுதியது நான். அந்தப் பத்திரிகையை மன்னாரில் தடைசெய்துவிட்டார். அப்பா அவருடைய கந்தோரில்தான் கிளாக்கர்.

இன்று அடம்பனில் பஸ்ஸை மறித்து, பொலிஸ்காரர் ஒருவர் அந்தப் பத்திரிகையைத் தேடி மூட்டைகளைக் கிளறினார். என் பக்கத்தில் கருவாடு விற்கும் விடத்தல்தீவு றோசக்காவின் பனையோலைக் கடகம். கருவாடு முழுவதும் அதே பத்திரிகையில் சுற்றியிருந்தது.

"என்ன தாள் இது?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது ஐயா. மணந்து பாருங்கோ."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

றோசக்கா சிரித்தார். "உனக்கேன் பிள்ளை இவ்வளவு பயம்? எழுதினது நீயெண்ட மாதிரி!"

கடகத்தில் இருந்த அவ்வளவையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கருவாடு வேண்டியவர்கள் வாருங்கள். தாள் கேட்காதீர்கள். நான் எழுதியதை நானே அடுப்பில் போட்டுவிட்டேன்.